மாமியின் நாலு நிமிடம்

“கைத்தொழில் இஞ்சினியரிங் எண்டா என்ன பிள்ளை? பனையோலையில பெட்டி இழைக்கிறதே?”

பெரியம்மா பகிடிக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இஞ்சினியர் என்றால் வீடு கட்டுகிறவர், ரோட்டுப் போடுகிறவர், மின்சார சபை ஜீப்பில் வந்து இறங்குகிறவர். கைத்தொழில் என்றால் சுளகு, நீத்துப்பெட்டி, பாய். இரண்டையும் ஒட்டி ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை காசு கட்டிச் சேர்ந்திருக்கிறாள் என்றால் யாரோ எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். எனக்கும் விளக்கம் சொல்ல வரவில்லை. “தொழிற்சாலைகளில வேலை எப்பிடி நடக்குதெண்டு பாக்கிறது, பெரியம்மா” என்றேன்.

“பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ?”

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான். நாலு வருடம் பிந்திவிட்டது, சரி.

2019 உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தேன். மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மட்டும் பொறியியல் பீடத்தின் படலை வரை போய் நின்றுவிட்டது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தக் கணக்கு எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாய்க்கும் மனப்பாடம். அந்தக் கணக்குக்கு வெளியே விழுந்த பிள்ளை எங்கே போகலாம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. குருநகரில் உயர் தேசிய டிப்ளோமா படிக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும் அதே இடத்தில், 2016இல் திறந்த ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமை ஏணியில் 5ஆம் 6ஆம் படிகள் டிப்ளோமா, 7ஆம் படி பட்டத்துக்குச் சமம். இதெல்லாம் பெறுபேறு வந்து, கண்ணீர் காய்ந்து, இரண்டாம் தரம் எடுக்க மனமில்லாமல் ரியூசன் கொட்டிலைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிய வருகிறது.

நான் படித்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சில குறைகளும் சொல்லவேண்டியிருக்கிறது. உற்பத்தியும் வேலை ஆய்வும் சேர்ந்த இரண்டு வருட டிப்ளோமா, கடைசியில் ஆறு மாதம் தொழிற்சாலைப் பயிற்சி. அவ்வளவு போதும்.

வீட்டில் விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அப்பப்பா. அவர் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வந்த தொழிற்சாலை அது. பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி ஆலை, காங்கேசன்துறைச் சீமெந்து என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவார், ஏதோ தன் பிள்ளைகளின் பெயர் மாதிரி. 1990இல் சண்டையோடு சீமெந்து உற்பத்தி நின்றது. அவர் அதற்குப் பிறகு தோட்டம் செய்தார். அவருடைய நேரம் மட்டும் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்றைக்கும் சங்கு ஊதின நேரத்துக்குத்தான் கை கழுவுவார். “உது நல்ல படிப்பு. பக்டரிதான் இல்லை” என்றார். படிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2021இல் வகுப்புத் தொடங்கியது. 23 பேர், அதில் ஆறு பேர் பெண்கள். பாதி நாள் கொரோனாவால் சூமில். பட்டறை திறந்ததும் அரத்தைக் கையில் தந்துவிட்டார்கள். ஐந்து சென்ரிமீற்றர் இரும்புத் துண்டு ஒன்றை அராவி அராவி ஆறு பக்கமும் செங்கோணமாக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. எனக்கு நாலு கிழமை வெளிச்சம் தெரிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் தடித்தது. அம்மா என் கையைப் பார்த்து அழுதார். அராவுவதற்கும் தொழிற்சாலையைத் திட்டமிடுவதற்கும் என்ன தொடர்பு என்று அப்போது கோபமாக இருந்தது. பிறகு ஒரு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று “இதைக் கொஞ்சம் கெதியாகச் செய்யலாமே” என்று சொல்ல வாய் திறந்தபோது அந்தக் கொப்புளம் ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

படிப்பின் பெரிய குறை மொழி. விரிவுரையாளர் தமிழில் விளங்கப்படுத்துவார், நாங்கள் தமிழில் விளங்கிக்கொள்வோம், சோதனை ஆங்கிலத்தில். மூளைக்குள் இருந்த விடை தாளுக்குப் போகும் வழியில் பாதி சிந்திவிடும். நன்றாக விளங்கின இரண்டு பேர் இதனாலேயே தவறிப் போனார்கள். இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வகுப்பை மறக்க மாட்டேன். விரிவுரையாளர் ஒருநாள் ஒரு கட்டுக் காட்ஸோடு வந்தார். எங்கள் வீட்டில் காட்ஸைக் கண்டால் அம்மாவுக்கு ஆகாது. மாமாமார் திருவிழா நாட்களில் 304 அடித்து விடிய விடியத் திண்ணையில் கிடப்பார்கள். விரிவுரையாளர் ஐயா கேட்டார்: “ஆர் இதில 304 அடிக்கிற ஆக்கள்?” பின் வாங்கில் நாலு பெடியன்கள் வெட்கத்தோடு கை தூக்கினார்கள். 52 காட்ஸையும் நாலு குவியலாகப் பிரித்துப் போட வேண்டும். அரை நிமிடத்தில் முடித்தால் அது 100 என்ற வேகம். முதலாவது பெடியன் 23 செக்கனில் போட்டுவிட்டான். நான் 48 செக்கன். இந்த இரண்டு நேரத்தையும் வைத்து இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

வேலை ஆய்வின் நடு முள் அதுதான். நிறுத்தற் கடிகாரம் ஒரு ஆளின் நேரத்தைத்தான் சொல்லும், வேலையின் நேரத்தைச் சொல்லாது. அதனால் பார்க்கிறவர் அந்த ஆளின் வேகத்துக்கு ஒரு மதிப்புப் போட வேண்டும். பார்த்த நேரத்தை அந்த மதிப்பால் பெருக்கி நூறால் வகுத்தால் அடிப்படை நேரம். அதோடு களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் சலுகை சேர்த்தால் நியம நேரம். சூத்திரம் கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு விளையாட்டு. மதிப்புப் போடுவதுதான் வில்லங்கம். அது முழுக்க முழுக்கக் கண். ஒரு ஆள் உன் முன்னால் வேண்டுமென்று மெதுவாகச் செய்கிறாரா, பதற்றத்தில் வேகமாகச் செய்கிறாரா, இது அவரின் சாதாரண வேகமா என்று கண் சொல்ல வேண்டும். பெரியம்மா, இதற்குத்தான் படிப்பு.

சலுகை அட்டவணையில் ஒரு வரி எனக்குச் சிரிப்பை மூட்டியது. சர்வதேச தொழில் அமைப்பின் வழிகாட்டலில் வருவது. சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 வீதம், பெண்களுக்கு 7 வீதம். அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4 வீதம். பெண்களுக்கு ஏன் இரண்டு வீதம் கூட என்று ஒரு பெடியன் கேட்டான். வகுப்பில் இருந்த ஆறு பேரும் மேசையைப் பார்த்தோம். ஐயாவும் மேசையைப் பார்த்தார். அந்த இரண்டு வீதத்துக்குப் பிறகு வருகிறேன்.

பழைய கதைகளும் படித்தோம். அமெரிக்க உருக்காலை ஒன்றில் பிரெடரிக் டெய்லர் செய்த இரும்புப் பாளக் கணக்கு எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும். ஒரு ஆள் நாளைக்கு பன்னிரண்டரை தொன் சுமந்த இடத்தில் நாற்பத்தேழரை தொன் சுமக்க வைத்தார், கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலருக்கு ஏறியது. எங்கள் வகுப்பில் தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவன் இருந்தான். அவன் கொப்பியின் ஓரத்தில் கணக்குப் பார்த்தான். வேலை 3.8 மடங்கு, கூலி 1.6 மடங்கு. கொப்பியை எனக்குத் தள்ளிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேனையை மூடினான். 1911இல் வோட்டர்டவுன் ஆயுதச்சாலைத் தொழிலாளர் நிறுத்தற் கடிகாரத்தைக் கண்டு வேலையை விட்டு வெளியே வந்ததும், நாலு வருடம் கழித்து அமெரிக்கக் காங்கிரஸ் அரச ஆயுதச்சாலைகளில் அந்தக் கடிகாரத்துக்கே தடை போட்டதும் பாடத்தில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. நான் பிறகு தேடிப் படித்தது.

எனக்குப் பிடித்தவர்கள் கில்பிரெத் தம்பதி. பிராங்க் கில்பிரெத் மேசன் வேலையிலிருந்து வந்தவர். செங்கல் ஒன்று வைக்க 18 அசைவு போகிறதைக் கவனித்து நாலரையாகக் குறைத்தார். கல்லையும் சாந்தையும் நிலத்தில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தது அதில் பெரிய பங்கு. எங்கள் ஒழுங்கையில் மதில் கட்ட வந்த மேசன் அண்ணைக்கு இதைச் சொன்னேன். “அப்ப அவர் ஒருநாளாவது குனிஞ்சிருக்கிறார்” என்றார். லிலியன் கில்பிரெத் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய், கணவர் இறந்த பிறகு குசினிகளை அளந்து திருத்தினவர். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பை வாளியை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

குசினி என்றதும்தான் மாமியின் கதை.

எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. சொந்த மாமி இல்லை, ஊருக்கே மாமி. இரண்டு கடைகளுக்கு விடியக் காலமை 300 இடியப்பம் கொடுக்கிறவர். முதலாம் வருட ஒப்படைக்கு ஒரு வேலையைத் தேர்ந்து, அது படிப்படியாகப் போவதைக் காட்டும் ஓட்ட அட்டவணை வரைய வேண்டும். அதில் ஐந்து குறிகள்தான்: செய்கைக்கு வட்டம், நகர்வுக்கு அம்பு, சோதிப்புக்குச் சதுரம், தாமதத்துக்கு ஆங்கில டி, சேமிப்புக்குத் தலைகீழ் முக்கோணம். மற்றப் பிள்ளைகள் கராஜுக்கும் பேக்கரிக்கும் போனார்கள். நான் சோம்பேறித்தனத்தில் மூன்றாவது வீட்டைத் தேர்ந்தேன். சோம்பேறித்தனம் என்றாலும் அலாரம் வைத்து ஒன்றரைக்கு எழும்பினேன்.

மாமி எனக்கு ஒரு பலகையைத் தந்து மூலையில் இருத்தினார். மா முதல் நாளே வறுத்து அரித்து வைத்தது. கொதிதண்ணி ஊற்றிக் குழைக்கிறார், உரலில் போட்டுப் பிழிகிறார், தட்டுத் தட்டாக அடுக்குகிறார், பானையில் ஏற்றுகிறார். 15 தட்டுப் பிழிய நாலு நிமிடம். அவிய எட்டு நிமிடம். இறக்கி ஏற்ற ஒரு நிமிடம். பானை அவியும் எட்டு நிமிடத்தில் அடுத்த 15 தட்டையும் நாலு நிமிடத்தில் பிழிந்து முடித்துவிடுகிறார். பிழிந்த தட்டுகள் பானை காலியாகும் வரை மிச்ச நாலு நிமிடமும் காத்திருக்கின்றன. டி. அடுத்த சுற்று, திரும்பவும் டி. இருபது சுற்று, 180 நிமிடம். இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்குக் கடைக்காரர் சைக்கிளில் வந்து நிற்பார்.

வீட்டுக்கு வந்து வரைந்தேன். பார்க்க அழகான கணக்கு. இருபது டி, ஒவ்வொன்றும் நாலு நிமிடம், மொத்தம் 80 நிமிடம் வீண். இரண்டாவது பானை ஒன்று வைத்தால் பிழிகிற கை ஓயாமல் ஓடும், எல்லாம் 100 நிமிடத்தில் முடியும், மாமி ஒன்றேகால் மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளலாம். வேலையைத் தடுக்கும் இடுக்கு, உரல் இல்லை, பானை என்று கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய புழுகம். பின்னேரம் கொப்பியோடு போய் மாமிக்கு விளங்கப்படுத்தினேன்.

மாமி முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்: “அந்த நாலு நிமிசம் நான் சும்மா இருந்தனானோ?”

நான் கொப்பியைப் பார்த்தேன்.

“தேங்காய் திருவினது ஆர்? சம்பல் இடிச்சது ஆர்? சொதிக்கு வெங்காயம் வெட்டினது, சைக்கிள்காரனுக்குப் பெட்டி துடைச்சு வச்சது? நீயும் உதில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீ.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதவில்லை. நான் இடியப்பத்தின் பின்னால் போயிருந்தேன், மாமியின் பின்னால் போகவில்லை. டி போட்டது மாவுக்கு. மா காத்திருந்தது உண்மை. ஓட்ட அட்டவணையில் பொருளுக்கு ஒரு வகை, ஆளுக்கு ஒரு வகை என்று இரண்டு இருப்பதை மூன்றாம் விரிவுரையிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். சொன்னதைக் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன்.

“பிறகு, இடையில ரெண்டு மூண்டு தரம் சுவரோட சாஞ்சு தேத்தண்ணி குடிச்சனான். அதையும் வீண் எண்டு எழுது. முதுகை நிமித்திறது அப்பதான்” என்றார் மாமி. கோபம் இல்லை. எனக்கு ஒரு இடியப்பப் பார்சலும் கட்டித் தந்தார்.

கில்பிரெத் தம்பதி கை அசைவுகளைச் சின்னச் சின்னக் கூறாகப் பிரித்து அதற்குத் தங்கள் பெயரையே ஏறக்குறையத் திருப்பி எழுதித் ‘தெர்பிளிக்’ என்று பெயர் வைத்தார்கள். தேடுதல், பிடித்தல், கொண்டு போதல் என்று போகும் பட்டியலில் ‘களைப்பு நீங்க ஓய்தல்’ என்பதும் ஒரு கூறு. சுவரில் சாய்வதற்கும் ஒரு குறி இருக்கிறது. அதை ஒப்படை கொடுத்த பிறகுதான் கண்டேன். தாள் திரும்பி வந்தபோது 62 புள்ளி. ஓரத்தில் சிவப்பு மையில் ஐயா எழுதியிருந்தார்: ‘ஆளின் அட்டவணை எங்கே?’

இரண்டாம் வருடம் 2022. அந்த வருடத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்றுதான் வரிசைக் கோட்பாடு படித்தோம். லிட்டிலின் விதி என்று ஒன்று உண்டு: வரிசையில் நிற்கும் தொகை, வரும் வீதத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினதுக்குச் சமம். எனக்கு முன்னால் 400 மோட்டார் சைக்கிள், மணித்தியாலத்துக்கு 80க்கு அடிக்கிறார்கள், ஆகவே ஐந்து மணித்தியாலம் என்று பின்னால் நின்ற அண்ணைக்குச் சொன்னேன். “எண்ணெய் முடிஞ்சா?” என்றார். மூன்றரை மணித்தியாலத்தில் எண்ணெய் முடிந்தது. பிறகு கியூ.ஆர். பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றானதும் வரிசை கரைந்ததே, அது எங்கள் வகுப்புக்கு நல்ல பாடம். பம்பைக் கூட்டாமல், வருகிற வீதத்தைக் கட்டுப்படுத்தினார்கள்.

அதே நேரம் பிரான்சில் என் சித்தியின் மகளும் இதே படிப்புத்தான் தொடங்கினாள். பாரிசுக்கு வெளியே ஐ.யு.டி. என்ற பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில். தரம், கைத்தொழில் சரக்கேற்பாடு, ஒழுங்கமைப்பு என்று மூன்றையும் சேர்த்த நீளமான பெயர், சுருக்கமாக க்லியோ. 1966இலிருந்து அந்த நிறுவனங்களில் இரண்டு வருட டிப்ளோமா இருந்தது. 2021இல் மூன்று வருடமாக்கிப் பட்ட மட்டத்துக்கு உயர்த்தினார்கள். சித்தி ஊருக்கெல்லாம் “மகள் இஞ்சினியரிங் செய்யிறாள்” என்று சொல்லிவிட்டார், அங்கே இஞ்சினியர் என்பது வேறு பள்ளிக்கூடம், வேறு ஐந்து வருடம். வீடியோவில் இருவரும் கொப்பிகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். பாடம் ஏறக்குறைய ஒன்று. அவள் தொழில் பயிலுநராகச் சேர்ந்து, சில கிழமை வகுப்பு சில கிழமை தொழிற்சாலை என்று மாறி மாறிப் போனாள், சம்பளமும் கிடைத்தது. நாங்கள் இரண்டு வருடம் தொழிற்சாலையைப் படத்தில் பார்த்துவிட்டுக் கடைசி ஆறு மாதம் உள்ளே போகிறோம். எனக்கு இந்த ஒன்றில்தான் பொறாமை. அப்பப்பா சொன்னதுதான், பக்டரி இல்லை.

2023இல் வன்னியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பயிற்சி. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போல ஆடையிலிருந்து வருகிறது. இந்தப் படிப்புக்கு இலங்கையில் வேலை என்றால் அதிகமும் அங்கேதான். ஆனையிறவு தாண்டிப் போக வேண்டும், தினமும் வந்து போக முடியாது, ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். கையில் ஒரு பலகை, பலகையில் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரம் நிமிடத்தை அறுபதாகப் பிரிக்காது, நூறாகப் பிரிக்கும். கூட்டிக் கழிக்க வசதி. அதைப் பிடித்துக்கொண்டு தையல் வரிசைக்குள் நடந்தால் நீங்கள் நடந்து வருவது நாலு மெஷினுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். முதுகுகள் நேராகும். கதை நிற்கும்.

மூன்றாம் கிழமை ஒரு அக்காவைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். தோள்மூட்டு பொருத்துகிற வேலை. எல்லாருக்கும் ஒரு துண்டுக்கு 27 செக்கன் போனது, இவருக்கு 25. கண்ணால் பார்த்தால் வேகம் கூடினதாகத் தெரியவில்லை, கை அமைதியாகத்தான் ஓடியது. நாலாம் தரம் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை ஒரு இலாஸ்டிக்கால் தன் விரலில் கட்டியிருந்தார். மற்றவர்கள் வெட்டிவிட்டு மேசையில் வைத்து, அடுத்த முறை தேடி எடுப்பார்கள். தேடுதல், எடுத்தல். அவர் அந்த இரண்டு தெர்பிளிக்கையும் ஐந்து ரூபா இலாஸ்டிக்கில் இல்லாமல் செய்திருந்தார். எந்த டிப்ளோமாவும் இல்லாமல்.

நான் சந்தோசத்தில் துள்ளிக்கொண்டு போய் அறிக்கை எழுதினேன். முறை மேம்பாடு, படத்தோடு. பொறுப்பாளர் முதுகில் தட்டாத குறை. அடுத்த கிழமை அந்த வேலை செய்யும் எல்லாருக்கும் இலாஸ்டிக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த கிழமை மணித்தியால டார்கெட் 133இலிருந்து 144 ஆனது. கணக்குச் சரி. 3600ஐ 27ஆல் வகுத்தால் 133, 25ஆல் வகுத்தால் 144. சம்பளம் அப்படியே இருந்தது.

அக்காவுக்கு இதுவரை ஒரு துண்டுக்கு இரண்டு செக்கன் மிச்சம் இருந்தது. மணித்தியாலத்துக்கு நாலு நிமிடத்துக்குக் கிட்ட. அந்த மிச்சத்தில் அவர் ஊசி மாற்றியிருப்பார், தண்ணி குடித்திருப்பார், பக்கத்துப் பிள்ளைக்கு நூல் கோத்துக் கொடுத்திருப்பார். மாமியின் நாலு நிமிடம் போல. அதை நான் எழுதிக் கொடுத்து முடித்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர்தான் வந்து என் பக்கத்தில் இருந்தார். “தங்கச்சி, குறை நினைக்காதைங்கோ. இனி நீங்க வந்து நிக்கேக்க நான் கத்தரிக்கோலை மேசையிலதான் வைப்பன்” என்றார். தொழிலாளர் வேண்டுமென்று மெதுவாகச் செய்வதைப் பற்றி டெய்லர் பக்கம் பக்கமாகக் குறைப்பட்டிருக்கிறார். அதற்குக் காரணத்தை அக்கா ஒரு பிடி சோற்றுக்கும் அடுத்த பிடி சோற்றுக்கும் இடையில் சொல்லி முடித்தார். மாத முடிவில் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. என்னைத்தான் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்துக் காட்டினேன்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன். விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோமா என்றும் இருந்தது. போனால் பெரியம்மா ஒன்றும் கேட்க மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம்.

திரும்பிப் போனபோது கழிவறை அட்டை கண்ணில் பட்டது. அது முதல் நாளிலிருந்தே அங்கே தொங்கியதுதான். 40 பேர் கொண்ட வரிசைக்கு இரண்டு அட்டை. அட்டை எடுத்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போகலாம், அட்டை கொளுவியில் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். ஒழுங்குக்காக என்று வைத்தது. எனக்கு அந்த 7 வீதம் ஞாபகம் வந்தது. நியம நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தேவைக்கு 7 வீதம் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 480 நிமிட வேலை நாளில் ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட 34 நிமிடம். 40 பேருக்கு 1,300 நிமிடத்துக்கு மேல். இரண்டு அட்டையும் ஒரு நிமிடமும் ஓயாமல் கைமாறினாலும் நாளுக்கு 960 நிமிடம்தான். அதை 40ஆல் வகுத்தால் ஆளுக்கு 24 நிமிடம். 480இல் 24 என்பது சரியாக 5 வீதம்.

ஆண்களின் வீதம். அட்டவணையில் கொடுத்த இரண்டு வீதத்தைக் கொளுவி திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் அட்டை எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதினேன். இந்த முறை ஆட்களைக் கேட்டுவிட்டு எழுதினேன். ஒரு பக்கம், அறிவுரை ஒன்றும் இல்லை, எண்கள் மட்டும். முகாமையாளர் இரண்டு தரம் பார்த்தார். “உம்மடை கணக்குப்படி இன்னொரு அட்டை வேணும்” என்றார், ஏதோ நான் கணக்கில் பிழை விட்டதுபோல. மூன்று அட்டை என்றால் ஆளுக்கு 36 நிமிடம், ஏழரை வீதம். அடுத்த திங்கட்கிழமை கொளுவியில் மூன்றாவது அட்டை தொங்கியது. அது இல்லாமலே இருக்கலாம், அட்டையே வேண்டாம் என்பது வேறு கதை. அதைக் கேட்கும் தைரியம் பயிற்சி மாணவியான எனக்கு இருக்கவில்லை. அக்கா ஒருநாள் அட்டையோடு என்னைக் கடந்து போகும்போது அதை இலேசாக ஆட்டிக் காட்டினார்.

வகுப்பில் இருந்த 23 பேரில் இந்தத் துறையில் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். நாலு பேர் கட்டாரில், மூன்று பேர் வங்கியில், காட்ஸ் போட்ட பெடியன் கனடாவில் களஞ்சியம் ஒன்றில். நான் அச்சுவேலிப் பக்கம் கறித்தூள் அரைத்துப் பொதி செய்யும் சின்ன இடமொன்றில் வேலை செய்கிறேன். ஒன்பது பேர். மிளகாய் வறுக்கும் இடத்திலிருந்து பொதி செய்யும் மேசை வரை நாளைக்கு எத்தனை மீற்றர் நடக்கிறார்கள் என்று அளந்து மேசையை மாற்றிப் போட்டது என் பெரிய சாதனை. மேசையை எங்கே போடுவது என்று சொன்னது வறுக்கிற அம்மா.

போன மாதம் பின் ஒழுங்கை அண்ணை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெறுபேறு வந்திருக்கிறது, அதே படலை வரை போய் நின்ற இசட் புள்ளி. “உந்தப் படிப்புச் சரிவருமோ?” என்று கேட்டார். பிள்ளையின் கண் வீங்கியிருந்தது. நான் சரிவரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. விடியக் காலமை இரண்டு மணிக்கு எழும்புவாயா என்று அவளைக் கேட்டேன்.

மாமி இன்னும் ஒரு பானையில்தான் அவிக்கிறார். நாங்கள் போனபோது முதல் பானை ஏறியிருந்தது. பிள்ளை போனில் கடிகாரத்தைத் திறந்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நான் இருந்த அதே பலகையில் இருந்தாள். மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இவளும் எழுதப் போறாளோ?”

“ஓம், மாமி.”

“அப்ப கொப்பியை அங்கால வச்சிட்டு இந்தத் தேங்காயைத் திருவச் சொல்லு. நாலு நிமிசம் இருக்கு.”